அம்மா வாங்கிய நகல்

திண்டிவனத்தில் பத்திர ஆபீசுக்குப் பக்கத்துச் சந்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஜெராக்ஸ் என்பது பெயர்ப்பலகைக்குத்தான். பட்டா மாறுதல், வில்லங்கம், வாரிசுச் சான்று, முதியோர் பென்ஷன் என்று கம்ப்யூட்டரில் போட வேண்டியது எதுவானாலும் செய்து கொடுப்பேன். அன்று முகூர்த்த நாள். மனை வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் கடைவாசலில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். தலையைத் தூக்காமல் ஆள் மாற்றி ஆள் வேலை செய்துகொண்டிருந்தேன்.

"கல்யாண சர்டிபிகேட்டு ஒண்ணு நகல் எடுக்கணும்" என்றது ஒரு கிழட்டுக் குரல்.

"மாப்பிள்ள பேரு சொல்லுங்க."

சொன்னார். அந்தப் பெயரில் இந்தப் பக்கத்தில் நூறு பேர் இருப்பார்கள். தட்டச்சு செய்தேன்.

"பொண்ணு பேரு?"

அவர் என் அம்மாவின் பெயரைச் சொன்னார். தாத்தாவின் பெயரையும் ஊரையும் சேர்த்துச் சொன்னார். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போய், ஒரு காலில் கட்டோடு, என் அப்பா நின்றிருந்தார். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது வீட்டை விட்டுப் போனவர். இடையில் ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் தூரத்தில் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான்.

அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. இது யாருடைய கடை என்று தெரிந்துதான் வந்திருக்கிறார்.

"எதுக்காகன்னு போடணும்" என்றேன். 

"கோர்ட்டுக்குன்னு போடு பாப்பா."

வரிசையில் நின்ற ஒருவர் சிரித்தார். "இந்த வயசுல கோர்ட்டா பெரியவரே? பொழுது போவலியா?"

அப்பாவும் அவரோடு சேர்ந்து சிரித்தார். கூட்டம் குறைந்ததும் வரச்சொல்லி அனுப்பிவிட்டேன். டீக்கடையில் உட்கார்ந்திருந்துவிட்டு மத்தியானம் திரும்ப வந்தார். விஷயத்தைச் சொன்னார். அம்மாவிடம் சம்மதம் வாங்கி முறைப்படி விவாகரத்து ஆகிவிட்டால், விழுப்புரத்தில் அவரோடு இருக்கிறவளைப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம். அதன்பிறகு அவளுடைய பெயரைப் பென்ஷனில் ஏற்றிவிடலாம். வக்கீல் அப்படித்தான் சொல்லியிருக்கிறாராம். அதற்கு முதல் கல்யாணத்தின் சான்று வேண்டும். ஒரிஜினல் இல்லை.

"நான் போய்ட்டன்னா அவளுக்குன்னு ஒண்ணும் இல்ல பாப்பா. புள்ளகூட இல்ல."

"எங்களுக்கு இன்னா இருந்துச்சி?"

அவர் கடையைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், சுவரில் ஓடும் ஃபேன்.

"நல்லாத்தானே இருக்கிற" என்றார்.

அம்மாவின் குடும்பம் கூட்டேரிப்பட்டுப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். அவர்கள் நிலத்தை ஒட்டிச் சாலை போட்டபோது, அரசாங்கத்தில் ரோடு ரோலர் ஓட்டிக்கொண்டு வந்தவர் அப்பா. சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளை, வேறு சாதி. சாலை முடிந்து ரோலர் அடுத்த ஊருக்குப் போனபோது அம்மாவும் கூடவே போய்விட்டாள். ரோலரில் அப்பாவோடு வேலை செய்தவர் ஒரு சாட்சி, டீக்கடைக்காரர் ஒரு சாட்சி. அப்படித்தான் அவர்கள் கல்யாணம் பதிவானது. பிறந்த வீட்டில் அம்மாவுக்குத் தலைமுழுகிவிட்டார்கள். கணவன் விட்டுவிட்டுப் போன பிறகும் யாரும் வந்து பார்க்கவில்லை. அம்மா நிலக்கடலை உடைக்கும் மல்லாட்டை மில்லுக்கு வேலைக்குப் போய் என்னை வளர்த்தாள்.

இதெல்லாம் பல வீடுகளில் நடப்பதுதான். எங்கள் வீட்டில் நடந்த வேறொன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா போன மறுமாதம், அம்மா என்னை இழுத்துக்கொண்டு விழுப்புரத்தில் அவருடைய ஆபீசுக்குப் போனாள். புருஷன் வேறொருத்தியோடு இருக்கிறான் என்று மேலதிகாரியிடம் அழுதாள். அவர் அப்பாவை அழைத்து வரச்சொன்னார். அரசாங்க வேலையில் இருப்பவனுக்கு இரண்டு பெண்டாட்டி என்றால் வேலை போய்விடும். அப்பா உள்ளே வந்தார். காக்கிச் சட்டையில் தார் வாசனை. நான் ஓடிப்போய் அவருடைய காலைக் கட்டிக்கொண்டேன்.

"யாருப்பா இவங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"எங்க ஊர்க்காரப் பொண்ணு சார். கொஞ்சம் புத்தி சரியில்ல. போற எடமெல்லாம் இப்பிடித்தான் சொல்லிக்கினு திரியும்."

"இந்தக் கொழந்த?"

"அது அவளுது சார்."

சொல்லிக்கொண்டே என் விரல்களைக் காலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். கல்யாணமானதற்கு ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று அதிகாரி அம்மாவைக் கேட்டார். அந்தக் காகிதத்தை அப்பா தன் டிரங்குப் பெட்டியோடு எடுத்துப் போயிருந்தார். இல்லை என்றாள். கிடைத்தால் கொண்டுவரும்படி அதிகாரி சொன்னார். அம்மா அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை.

பிற்காலத்தில் நான் கடை வைத்து, பதிவான கல்யாணம் எதுவானாலும் ஆபீசில் புத்தகம் இருக்கும், நகல் வாங்கலாம் என்று தெரிந்துகொண்டபோது அம்மாவிடம் சொன்னேன். "இப்ப இன்னாத்துக்கு? கெடக்கட்டும்" என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

அதனால் அன்றைக்குச் சாயங்காலம் விஷயத்தைச் சொன்னபோது அம்மா திட்டுவாள், அல்லது அழுவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எடுத்துக் குடு" என்றாள்.

"அம்மா, அவரு எதுக்குக் கேக்குறாருன்னு புரியுதா?"

"புரியாம இன்னா. நானும் வர்றேன்னு சொல்லு. ஆனா அவரும் கூடவே வரணும். ஆபீஸ்ல அவருதான் கேக்கணும். நீ கேக்கக் கூடாது."

இரண்டு நாள் கழித்து மூவரும் பத்திர ஆபீசுக்குப் போனோம். அம்மா கஞ்சி போட்ட புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். கல்யாணத்துக்குப் புறப்பட்டவள் போல இருந்தாள். அப்பா அவளைப் பார்த்து "எப்பிடிகீற?" என்றார். "நல்லாகீறங்க" என்றாள். மரியாதையில் ஒரு எழுத்தைக்கூட அவள் குறைக்கவில்லை.

ஜன்னலில் இருந்த எழுத்தர் நல்ல மனிதர், எனக்குப் பழக்கமானவர். மனுவை வாங்கிப் பார்த்துவிட்டு அப்பாவைக் கேட்டார்.

"நீங்கதான் மாப்பிள்ளையா?" என்று சிரித்தார். "இந்தம்மா யாரு?"

அப்பா ஏதோ முணுமுணுத்தார்.

"சத்தமா சொல்லுங்க" என்றாள் அம்மா. "அவருக்குக் கேக்கல."

"என் சம்சாரங்க."

அம்மா தலையை ஆட்டினாள்.

அந்தக் காலத்துப் புத்தகங்கள் விழுப்புரத்தில் பழைய ஆவணங்கள் இருக்கும் அறைக்குப் போய்விட்டன, அங்கே போய்த்தான் தேடி வாங்க வேண்டும் என்றார்கள். மறுவாரம் மூவரும் பஸ் ஏறினோம். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் அப்பாவை உட்காரச் சொன்னாள். நான் பின் இருக்கையில் இருந்தேன். வழியெல்லாம் அவரிடம் கேட்டுக்கொண்டே வந்தாள். சர்க்கரை எப்போது வந்தது, கால் விரலை எந்த ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள், இன்சுலின் யார் போடுகிறார்கள், சோறு ஆகாதென்றால் ராத்திரிக்கு என்ன சாப்பிடுகிறார்.

"கேப்பைக் களி கிண்டிக் குடுக்குறா" என்றார் அப்பா. "கால் பூரா அவதான் கழுவி மருந்து வக்கிறா. அந்த நாத்தத்துல வேற ஒருத்தி பக்கத்துல வரமாட்டா. அவ இல்லன்னா நான் எப்பவோ செத்துருப்பேன்."

"அப்பிடிங்களா" என்றாள் அம்மா. "பாவம்."

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பஸ் வெகுநேரம் நின்றது. அம்மா இறங்கிப் போகாமல் ஜன்னல் வழியாகவே வெள்ளரிப்பிஞ்சு வாங்கி, பாதியை ஒடித்து அவரிடம் கொடுத்தாள். அவர் தின்றார். அம்மாவின் மனசு இளகிவிட்டது என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்குக் கோபமாக வந்தது.

விழுப்புரம் ஆபீசில் ஒரு பெண் அதிகாரி. அவர் ஆதார் அட்டைகளைப் பார்த்துக்கொண்டே "இவங்க உங்களுக்கு?" என்றார்.

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் காத்திருந்தாள்.

"சம்சாரம்."

"இது?" என்று என்னைக் காட்டினார்.

"எங்க பொண்ணுங்க" என்றார் அப்பா.

எனக்கு அதில் சந்தோஷம் இல்லை. இவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வரக்கூடிய ஒரு வார்த்தைதானா அது என்று இருந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். கேட்டாயா என்பது போல் இருந்தது அந்தப் பார்வை.

புத்தகம் கிடைத்தது. ஓரமெல்லாம் பழுத்துப்போன பக்கம். பத்தொன்பது வயதில் அம்மா போட்ட கையெழுத்து, தமிழில், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. அதிகாரி சரிபார்த்து நகல் தயாராக இன்னொரு நாள் வரச்சொன்னார். "எத்தனை காப்பி?" என்று கேட்டார்.

"ஒண்ணு போதும்" என்றார் அப்பா.

"ரெண்டு" என்றாள் அம்மா. "எனக்கும் ஒண்ணு வேணுங்க."

நகல் வாங்க மறுபடியும் மூவரும்தான் போனோம். அம்மா தன் பிரதியை வாங்கி வராந்தாவில் நின்றபடியே எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தாள். முத்திரையைத் தடவிப் பார்த்தாள். பிறகு நான்காக மடிக்கப்போனவள், மடிக்காமல் என் ஃபைலில் வைக்கச் சொன்னாள். வாசலில் வேப்பமரத்தடியில் வக்கீலின் குமாஸ்தா பேப்பரோடு காத்துக்கொண்டிருந்தார். பரஸ்பர சம்மத மனு. அப்பா பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி அம்மாவிடம் நீட்டினார்.

"நான் கையெழுத்துப் போடமாட்டங்க" என்றாள் அம்மா.

அப்பாவுக்குப் புரியவில்லை. "இன்னா?"

"போடமாட்டேன். இத்தினி நாளு கையில ஒண்ணும் இல்லாம இருந்தேன். இப்ப இருக்குது. நீங்களே வாங்கிக் குடுத்துட்டீங்க. அப்புறம் நான் எதுக்கு விடணும்?"

"இன்னா பேசுற நீ? ஒத்துக்கினுதான வந்த?"

"நகலு வாங்க வர்றேன்னுதான் சொன்னேன். வேற இன்னா சொன்னேன்?"

குமாஸ்தா நகர்ந்துபோய்த் தன் வண்டியருகில் நின்றுகொண்டார். அப்பா கட்டுப்போட்ட காலை நீட்டி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு மெதுவாக, எனக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"ஒண்ணு தெரிஞ்சிக்க. உன்ன உட்டுப் போன நாள்லருந்து ஒருநாளும் நான் உன்ன நெனச்சதில்ல. ஒரு ராத்திரிகூட இல்ல."

"தெரியுங்க" என்றாள் அம்மா. "வாடி, பஸ்ஸு போயிடும்."

திரும்பி வரும்போது அம்மாவைப் பல தடவை கேட்டேன். அவருடைய பென்ஷன் பணம் இல்லாமல் நமக்கு என்ன குறைந்துவிட்டது, அவர் வேண்டாம் என்றால் அவர் பெயர் மட்டும் எதற்கு என்று கேட்டேன். அவள் திண்டிவனம் வந்து இறங்கியதும் நேராகக் கடைக்கு நடந்தாள். நகலுக்கு லேமினேஷன் போடச் சொன்னாள். மெஷின் சூடாகும்வரை நின்றே இருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து அவள் வந்தாள். அப்பாவோடு இருப்பவள். ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில் இருந்தேன். ஐம்பது தாண்டிய, கறுத்த, ஒடிசலான பெண். செருப்பை வாசலுக்கு வெளியே ஓரமாக விட்டுவிட்டு நின்றாள். சின்ன வயதில் இவளை எத்தனையோ விதமாகக் கற்பனை செய்திருக்கிறேன். இந்த உருவத்தில் ஒருநாளும் இல்லை. ரோடு வேலை நடந்த இடத்தில் இட்லி சுட்டு விற்றவள். கைகளில் பழைய எண்ணெய்க் கொப்புளத் தழும்புகள் இருந்தன.

அம்மா உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள். அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நான் உங்ககிட்ட நியாயம் கேக்க வரல" என்றாள். "அவரு இருக்கிற வரைக்கும் கஞ்சி ஊத்துவாரு. அதுக்கப்புறம் நான் எங்க போவேன்? தம்பி பொண்டாட்டி சேத்துக்க மாட்டா. உங்களுக்குப் பொண்ணு இருக்குது. எனக்கு அவரத் தவிர ஒருத்தரும் இல்ல."

"எனக்கு யாரு இருந்தாங்க?"

"தப்புதாங்க்கா."

"பெட்டியில ஒரு காயிதம் இருந்துச்சே. அது இன்னா ஆச்சி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.  "நான்தான் அடுப்புல போட்டேன். அவருக்குத் தெரியாது அப்ப. உங்களுத எதுவும் ஊட்ல இருக்கக் கூடாதுன்னு..."

அம்மா சிரித்தாள். அம்மாவின் சிரிப்பு அவ்வளவு கெட்டதாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"அடுப்புல போட்டா உன் ஊட்ல இருக்கிறது எரியும். ஆபீஸ்ல இருக்கிறது எரியுமா?"

"அவரு கால நான்தாங்க்கா கழுவுறேன்."

"கழுவு. யாரு வேணான்னாங்க."

நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். சொம்பை வாங்கி, பக்கத்தில் வைத்துவிட்டு, குடிக்காமலே எழுந்தாள். போகும்போது என் கன்னத்தைத் தொட வந்த கையை வழியிலேயே இழுத்துக்கொண்டாள்.

மழைக்காலம் முடிவதற்குள் அப்பா இறந்துபோனார். கால் புண் மேலே ஏறிவிட்டதாம். அவள்தான் கடைக்குப் போன் செய்து சொன்னாள். அம்மா அதே கஞ்சிப் புடவையைக் கட்டிக்கொண்டு விழுப்புரம் வந்தாள். வாடகை வீடு, ஒற்றை அறை. அப்பாவோடு இருந்தவள் அவருடைய காலடியில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட பாதத்தின் மேல் கையை வைத்திருந்தாள். அம்மா தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

எடுப்பதற்கு முன்னால், அக்கம்பக்கத்துப் பெண்கள் தயங்கித் தயங்கி வந்து தாலி விஷயத்தைக் கேட்டார்கள். இரண்டு பேர் கழுத்திலும் இருக்கிறதே, என்ன செய்வது என்றார்கள்.

"என்னுத நானே கழட்டிக்கிறேன்" என்றாள் அம்மா. "அவகிட்ட இருக்கிறது வெறும் செயினு. அத அவ போட்டுக்கினு இருந்தா இன்னா, கழட்டுனா இன்னா."

 காலடியில் இருந்தவள் அப்பாவின் பாதத்திலிருந்து கையை எடுக்கவும் இல்லை, நிமிரவும் இல்லை. மெல்ல ஊளைபோல ஒரு சத்தம் மட்டும் அவளிடமிருந்து வந்தது.

வாரிசுச் சான்றுக்கு என் கடையிலேயே விண்ணப்பித்தேன். மனைவி, மகள். இரண்டு பெயர். குடும்ப பென்ஷன் அம்மாவுக்கு வர ஆரம்பித்தது. முதல் மாதப் பணத்தில் ஒரு ஃப்ரிட்ஜ் தவணையில் எடுத்தாள். மில்லுக்குப் போவதை நிறுத்தினாள். மத்தியானத்தில் கட்டிலில் கால் நீட்டிப் படுத்து டிவி பார்க்கிறாள். ஒருநாளாவது மனசு உறுத்துகிறதா என்று கேட்டுப் பார்த்தேன். "உனக்கு உறுத்துனா நீ போய்க் குடு" என்று சொல்லிவிட்டு சத்தத்தைக் கூட்டினாள்.

கோடையில் அப்பாவோடு இருந்தவள் மறுபடி வந்தாள், இந்த முறை கடைக்கு. வரிசையில் நின்றாள். நெற்றி வெறுமையாக இருந்தது. விதவை உதவித்தொகைக்கு எழுதிப் போட வேண்டும் என்றாள். விழுப்புரத்தில் இரண்டு கடைகளில் முடியாது என்று சொல்லிவிட்டார்களாம்.

அப்பாவின் இறப்புச் சான்று நகலை நானே எடுத்துக் கொடுத்தேன். ஆனால் அதில் மனைவி என்ற இடத்தில் அம்மாவின் பெயர் இருந்தது. அவளிடம் இருந்த காகிதங்களையெல்லாம் வாங்கிப் பார்த்தேன். வேலைக்கு ஆபத்து வந்துவிடும் என்று பயந்து, அப்பா அவளுடைய பெயரைத் தன்னோடு எந்தக் காகிதத்திலும் சேர்க்கவே இல்லை. ரேஷன் கார்டில் அவள் தம்பியின் குடும்பத்தோடு இருந்தாள். ஆதாரில் அவளுடைய அப்பாவின் பெயர். வாக்காளர் அட்டையிலும் அப்படியே.

"இதுல ஆவாதுங்க" என்றேன். அவளை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. "நீங்க அவருக்குச் சம்சாரம்னு எதுலயும் இல்ல."

"அப்ப எனக்கு ஒண்ணும் வராதா?"

வேறு ஒன்று இருந்தது. கல்யாணமே ஆகாமல் ஐம்பது வயதைத் தாண்டிய ஏழைப் பெண்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கும் தொகை. அவளிடமிருந்த காகிதங்கள் எல்லாமே அதற்குக் கச்சிதமாகப் பொருந்தின. எப்படிச் சொல்வது என்று யோசித்துவிட்டு, அப்படியே சொன்னேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "கல்யாணம் ஆவலன்னு எழுதணுமா?"

"ஆமாங்க. விஏஓ விசாரிக்க வருவாரு. அவருகிட்டயும் அப்பிடியே சொல்லணும். கழுத்துல..."

நான் முடிக்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. அங்கேயே, வரிசையில் நிற்பவர்கள் பார்க்க, இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்ச் சங்கிலியின் கொக்கியைத் தேடினாள். பழசு, சீக்கிரத்தில் கழலவில்லை. நான் எழுந்துபோய்க் கழற்றிவிட்டேன். அதைப் பர்சில் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

நான் விண்ணப்பத்தைத் திறந்தேன். பெயர், தகப்பனார் பெயர், வயது எல்லாம் நிரப்பினேன். சம்பந்தப்பட்டவரே சொல்ல வேண்டும் என்பது என் கடையின் வழக்கம். யாராக இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் போடுவேன்.

"திருமணம்?" என்று கேட்டேன்.

"ஆவல" என்றாள். பிறகு, எனக்குக் கேட்கவில்லையோ என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் சத்தமாக, "ஆவலம்மா" என்றாள்.